ஷக்தாருக்கு மைதானம் தந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

லிவிவ், கார்கிவ், கீவ், வார்சா, ஹாம்பர்க், கெல்சன்கிர்ஹன், கிராகோவ் நகரங்களின் கால்பந்து அன்பர்களுக்கும் மைதானப் பணியாளர்களுக்கும்,

வணக்கம்.

உக்ரைனின் கார்கிவில் மருத்துவம் படித்த காலத்தில், அந்நாட்டின் கிழக்கிலுள்ள டொனெட்ஸ்க் நகரத்தின் ஷக்தார் கால்பந்து அணிக்கு ரசிகனாகிவிட்ட தமிழ்நாட்டுக்காரன் நான். சொந்த ஊரும் சொந்த மைதானமும் இருந்தும், ரஷ்ய ஆதரவுப் படைகளுடன் அங்கே போர் மூண்ட 2014ஆம் ஆண்டிலிருந்து கால் வைக்க முடியாத நிலை அந்த அணிக்கு நீடிக்கிறது. அன்றுமுதல் அதன் சொந்த மைதான ஆட்டங்களில் பெரும்பாலானவை உங்களில் யாரோ ஒருவருடைய மைதானத்தில்தான் நடந்திருக்கின்றன. அணியின் சார்பில் பேசும் தகுதி எனக்கில்லை. ஒரு ரசிகனுக்குரிய உரிமையில் இந்த நன்றியை எழுதுகிறேன்.

இழந்தது எத்தகைய மைதானம் என்பது உங்களுக்குத் தெரியும். 2009 மே மாதம் இஸ்தான்புல்லில் வெர்டர் பிரெமனைக் கூடுதல் நேரத்தில் 2-1 என்று வென்று யூஈஎஃப்ஏ கோப்பையைத் தூக்கிய அணிக்கு, அதே ஆண்டு ஆகஸ்டில் டான்பாஸ் அரீனா திறக்கப்பட்டது. ஐம்பதாயிரம் பேருக்கு மேல் அமரக்கூடிய அந்த மைதானத்தில்தான் 2012 யூரோ போட்டியில் ஸ்பெயினும் போர்ச்சுகலும் மோதிய அரையிறுதி நடந்தது. போர் மூண்டு, குண்டுவீச்சில் சேதமுற்று, ஆட்டம் நின்றுபோன பிறகும் 2017 தொடக்கம் வரை அது நிவாரணப் பொருள்களின் கிடங்காக இயங்கியது. அணி உரிமையாளர் ரினாத் அக்மெத்தோவின் அறக்கட்டளை வழியாக அங்கிருந்து உணவுப் பொட்டலங்கள் போயின. அவற்றைக் கட்டிய தன்னார்வலர்களுக்கே என் முதல் நன்றி.

லிவிவ் மக்களே, நாட்டின் கிழக்குக் கோடியிலிருந்து மேற்குக் கோடிக்கு, ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்த அணியை முதலில் ஏற்றவர்கள் நீங்கள். வீரர்கள் கீவில் தங்கிப் பயிற்சி எடுத்துக்கொண்டு, ஆட்டத்துக்கு மட்டும் விமானத்தில் வந்திறங்கினார்கள். உள்நாட்டு லீக் ஆட்டங்களுக்குக் கூட்டம் குறைவாகவே வந்தது என்பதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். வேற்றூர் அணியொன்றை ஒரே நாளில் நெஞ்சில் ஏற்றிக்கொள்வது யாராலும் ஆகாத காரியம். ஆனால் 2015 நவம்பரில் ரியல் மாட்ரிட் நான்கு கோல் போட்டு முன்னே நின்றபோது, ஷக்தார் கடைசிக் கட்டத்தில் அடுத்தடுத்து மூன்று கோல்களைத் திருப்பியதும் உங்கள் அரங்கம் எழுப்பிய ஆரவாரம், அது வேற்றூர் அணி என்று நினைப்பவர்களின் ஆரவாரமாக இல்லை.

கார்கிவ் மக்களுக்குச் சொல்ல வேண்டியதுதான் எனக்கு அதிகம். உங்கள் சொந்த மெட்டலிஸ்ட் அணி 2016இல் கலைந்துபோன துயரம் ஆறுவதற்குள், 2017இல் மெட்டலிஸ்ட் மைதானத்தை இன்னொரு ஊர் அணிக்குத் திறந்துவிட்டீர்கள். டொனெட்ஸ்கிலிருந்து இடம்பெயர்ந்து உங்களிடையே வாழ்ந்தவர்களுக்கு அது எத்தனை பெரிய ஆறுதலாக இருந்தது என்பதை நான் அருகிலிருந்து பார்த்தேன். 2017 டிசம்பர் 6 அன்று, மான்செஸ்டர் சிட்டி வந்த இரவில், ஸ்போர்ட்டிவ்னா மெட்ரோ நிலையத்தில் இறங்கிக் குளிரில் நடந்து போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர், டான்பாஸ் அரீனாவின் பழைய சீசன் டிக்கெட் அட்டையைப் பணப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். ஓரங்கள் தேய்ந்து வெளுத்திருந்தாலும் வரிசை எண்ணும் இருக்கை எண்ணும் தெளிவாகவே இருந்தன. அந்த இருக்கை இந்த மைதானத்தில் என்றால் எங்கே வரும் என்று எதிர்ப்புறத்தை நோக்கிக் கையை நீட்டிக் காட்டினார். முன்வரிசையில் மெட்டலிஸ்ட் துண்டைக் கழுத்தில் சுற்றியிருந்த கார்கிவ் இளைஞர் ஒருவர் இதைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தார். பிறகு துண்டைக் கழற்றாமலே எழுந்து வந்து பெரியவரின் மறுபக்கம் உட்கார்ந்து, அவரோடு சேர்ந்து "ஷக்தார்" என்று குரல் கொடுக்கத் தொடங்கினார். பெர்னார்டும் இஸ்மாயிலியும் அடித்த கோல்களில் அணி 2-1 என்று வென்றது; அந்தப் பருவத்தில் சிட்டி கண்ட முதல் தோல்வி அது. அடுத்த சுற்றுக்குத் தகுதி பெற்றால் ஸோரோ என்ற முகமூடிக் கதைநாயகனைப் போல வருவேன் என்று சொன்ன பயிற்சியாளர் பவுலோ ஃபொன்சேகா, சொன்ன சொல்லைக் காப்பாற்றி, செய்தியாளர் கூட்டத்துக்கு ஸோரோ முகமூடி அணிந்து வந்ததை உலகமே பார்த்தது. அந்த இளைஞர் இடம் மாறி உட்கார்ந்ததை நான் மட்டுமே பார்த்தேன் என்பதால் அதை இங்கே எழுதிவைக்கிறேன். அவர் யாரென்று எனக்குத் தெரியாது. எங்கிருந்தாலும் அவருக்கு என் நன்றி சேரட்டும்.

2018 டிசம்பரில் இராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டிருந்ததால் லியோன் அணியுடனான ஆட்டம் கார்கிவிலிருந்து கீவுக்கு மாற்றப்பட்டது. 2020 முதல் கீவ் ஒலிம்பிக் மைதானமே ஷக்தாரின் சொந்த மைதானமானது. அது டைனமோ கீவ் ஆடும் மைதானம் என்பதை உக்ரைன் கால்பந்தை அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நாட்டின் மிகக் கடுமையான போட்டியாளருக்குத் தன் வாசலைத் திறந்துவைப்பது எளிய செயல் அன்று.

2022 பிப்ரவரி 24இல் ரஷ்யா முழு அளவில் படையெடுத்த பிறகு ஐரோப்பியப் போட்டிகளின் ஆட்டங்களை உக்ரைனுக்குள் நடத்தவே வழியில்லாமல் போயிற்று. வார்சாவில் லெகியா அணியின் மைதானம் கிடைத்தது. அந்த அக்டோபரில் ரியல் மாட்ரிட் கடைசி நிமிடத்தில் சமன் செய்து 1-1 என்று தப்பியபோது, அரங்கில் இருந்தவர்களில் பலர் வீடிழந்து போலந்தில் தஞ்சம் புகுந்த உக்ரைனியர்கள். அவர்களுக்கு வீடும் கொடுத்து, ஆட்டம் பார்க்க மைதானமும் கொடுத்த போலந்து மக்களுக்கு எப்படி நன்றி சொன்னாலும் அது குறைவாகவே இருக்கும். அடுத்த பருவத்தில் ஜெர்மனியின் ஹாம்பர்க். 2023 நவம்பரில் தனிலோ சிகான் தலையால் முட்டிய ஒற்றைக் கோலில் பார்சிலோனா அங்கே வீழ்ந்தது. சொந்த மைதானத்தைக் கொடுப்பது என்றால் புல்தரையை மட்டும் கொடுப்பதன்று. உள்ளூர் அணிக்குரிய ஆடை மாற்றும் அறையையும், நுழைவாயிலையும், மற்றவர் நிறத்தில் கொடி கட்டிக்கொள்ளும் உரிமையையும் சேர்த்துக் கொடுத்து, தன் வீட்டிலேயே தான் விருந்தாளியாக ஒதுங்கி நிற்பது. ஹாம்பர்க் ரசிகர்கள் அதை மனமுவந்து செய்தார்கள்.

கெல்சன்கிர்ஹன் மக்களே, 2024-25 பருவத்தில் உங்களிடம் வந்த அணி, நிலக்கரிச் சுரங்க நகரத்தின் அணி. உங்கள் ஷால்க அணியும் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளில் வளர்ந்த அணிதான். உங்கள் மைதானத்தில் வீரர்கள் களத்துக்கு வரும் வழியே சுரங்கப் பாதையைப் போல அமைக்கப்பட்டிருக்கிறது. டொனெட்ஸ்க் வீரர்கள் அதன் வழியே நடந்து வருவதைத் திரையில் பார்த்தபோது, இந்தப் பத்தாண்டுகளில் அவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வாசல் அமைந்ததில்லை என்றே எனக்குத் தோன்றியது. பயர்ன் மியூனிக்கிடம் 1-5 என்று தோற்ற இரவிலும் வந்திருந்து உற்சாகப்படுத்திய அனைவருக்கும் நன்றி. 2025இல் கைநீட்டி வரவேற்ற கிராகோவுக்கும் அதே நன்றி.

உள்நாட்டு லீக்குக்காக அணி இப்போது மீண்டும் லிவிவில் இருக்கிறது. வான்வெளி மூடப்பட்டிருப்பதால், ஐரோப்பிய ஆட்டங்களுக்கு வீரர்கள் பேருந்தில் எல்லையைக் கடந்து போலந்துக்குப் போகிறார்கள்; அதற்கும் அப்பால் போக வேண்டுமென்றால் அங்கிருந்துதான் விமானம் ஏறுகிறார்கள். அந்தப் பேருந்தை இரவெல்லாம் ஓட்டும் ஓட்டுநர்களுக்கும், அபாயச் சங்கு ஒலித்ததும் வீரர்களைப் பதுங்குமிடத்துக்கு அழைத்துப் போய், அபாயம் நீங்கியதும் நின்ற நிமிடத்திலிருந்தே ஆட்டத்தைத் தொடர வழிசெய்யும் லிவிவ் மைதானப் பணியாளர்களுக்கும் என் நன்றி உரித்தாகுக.

என்றும் நன்றியுடன்,
கார்கிவில் பயின்ற ஒரு ஷக்தார் ரசிகன்
தமிழ்நாடு