செஞ்ச வேலையக் கேளுங்க: சாப்ட்வேர் இண்டர்வியூ எடுக்கிறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

கே.எல்., சைபர்ஜெயா, பினாங்கு பக்கம் சாப்ட்வேர் இஞ்சினியர்களுக்கு இண்டர்வியூ எடுக்கிற ஐயா, அம்மா எல்லாருக்கும் மலேசியாவுல பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட்லேர்ந்து வணக்கம்.

போன வாரம் உங்கள்ல ஒருத்தரோட கம்பெனியிலேர்ந்து எனக்கு ஈமெயில் வந்துச்சு. உங்க அனுபவம் நாங்க எதிர்பார்க்கிற சீனியர் லெவலுக்கு பொருந்தலன்னு ஒரே ஒரு வரி. கம்பெனி பேரு இங்க வேணாம், ஏன்னா இது ஒரு கம்பெனியோட பிரச்சினை இல்ல, எங்க ஊர்லேர்ந்து இந்த வேலைக்குப் போன பசங்க நெறைய பேரு கிட்டத்தட்ட இதே வரியத்தான் வாங்கிட்டு வந்திருக்காங்க. வேலை கிடைக்கலயேங்கிற ஆத்திரத்துல இத எழுதல, எனக்கு வேலை இருக்கு. எந்த அனுபவம் பொருந்தலன்னு சொன்னீங்களோ அந்த அனுபவத்தப் பத்தி உருப்படியா ஒரு கேள்வி கூட நீங்க கேக்கலயே, அதத்தான் என்னால சும்மா விட முடியல.

இண்டர்வியூ எப்படிப் போச்சுன்னு உங்களுக்கே தெரியும், எல்லா இடத்துலயும் அதே மாதிரிதான். ஸ்கிரீன ஷேர் பண்ணச் சொன்னீங்க, பைனரி ட்ரீ (டேட்டாவ மரக் கிளை மாதிரி பிரிச்சு அடுக்குற முறை) கணக்கு ஒண்ணு, அது முடியறதுக்குள்ள இன்னொண்ணு, யோசிக்கிறத சத்தமா சொல்லிக்கிட்டே எழுதுங்கன்னு வேற. எழுதினேன். கடைசில கொஞ்சம் நேரம் மிச்சம் இருந்தப்பதான் ரெஸ்யூமே பக்கம் கண்ணு போச்சு. "இது செம்பனை மில்லுக்கு செஞ்ச சாப்ட்வேர்தானே, யூசர் எத்தன லட்சம் பேரு?"ன்னு கேட்டீங்க. லட்சக்கணக்குல எல்லாம் இல்ல சார்னு உண்மையச் சொன்னேன். அதோட சரி, நன்றி சொல்லி வச்சிட்டீங்க.

நீங்க கேக்காதத இப்ப சொல்றேன், தயவு செஞ்சு கொஞ்சம் பொறுமையா படிங்க.

செம்பனை எண்ணெய் எடுக்கிற மில்லுக்குப் பழம் ஏத்திட்டு வர்ற லோரி முதல்ல எடை மேடையில ஏறும், பாரத்தோட ஒரு எடை, குலையக் கொட்டிட்டு திரும்பி வரும்போது வெறும் லோரிக்கு ஒரு எடை, ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பழத்தோட எடை. அந்த எண்ணு டிக்கெட்ல அச்சாகும். சொந்தமா கொஞ்சம் நிலம் வச்சு செம்பனை போட்டிருக்கிற சிறுதோட்டக்காரருக்கு அந்த மாசம் எத்தன வெள்ளி கைக்கு வரும்னு முடிவு பண்றது அந்தச் சின்ன டிக்கெட்டுதான். எடை மேடைக்குக் கீழ இருக்கிற சென்சார்லேர்ந்து மேசை மேல இருக்கிற மீட்டருக்கு எடை வருது, மீட்டர்லேர்ந்து ஒரு சீரியல் கேபிள் வழியா கம்ப்யூட்டருக்கு செகண்டுக்கு பல தடவ ஒரு வரி வந்துக்கிட்டே இருக்கும். நான் வேலை பாத்த மீட்டர்ல வரியோட முன்னாடி எஸ்டின்னு ரெண்டு எழுத்து இருந்தா எடை நின்னுடுச்சுன்னு அர்த்தம், யுஎஸ்ஸுன்னு இருந்தா இன்னும் ஆடிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்.

பழைய சாப்ட்வேர் அந்த ரெண்டு எழுத்தப் பாக்கவே இல்ல. கிராணி, அதாவது எடை ரூம் குமாஸ்தா, பட்டன அமுக்கினதும் அந்த நேரத்துல எந்த எண்ணு வந்துச்சோ அத அப்படியே எடுத்துக்கிட்டு டிக்கெட் அடிச்சுடும். டிரைவர் பிரேக் போட்டு மேடை ஆடிக்கிட்டு இருக்கும்போது அமுக்கினா எடை கூடவும் வரும், குறையவும் வரும். குறைஞ்சவங்க எல்லாம் கிராணி திருடுறாருன்னு கவுண்டர்ல சண்டைக்கு நின்னாங்க, அவரும் பல வருஷம் நேர்மையா வேலை பாத்த மனுஷன், முகம் கறுத்துப் போய் உக்காந்திருந்தாரு. நான் அந்த எடை ரூம்லயே உக்காந்து கேபிள்ல வர்ற வரி ஒண்ணு விடாம பதிவு பண்ணி, எந்த லோரி ஏறும்போது எண்ணு எவ்வளவு நேரம் ஆடுதுன்னு டிக்கெட்டோட ஒப்பிட்டுப் பாத்துத்தான் காரணத்தக் கண்டுபிடிச்சேன். வரிசையா ஒரே எடை, எல்லாமே எஸ்டின்னு வந்தாத்தான் பட்டனே திறக்கிற மாதிரி மாத்தி எழுதினேன். சண்டை நின்னுச்சு.

அதுக்கு மேல, மழை இடின்னு வந்தா இண்டர்நெட் போயிடும், ஆனா லோரி நிக்காது. அதனால டிக்கெட் எல்லாம் மில்லுலயே சேமிச்சு வச்சு லைன் வந்ததும் தலைமை ஆபீசுக்கு அனுப்பணும், பாதியில லைன் அறுந்து ஒரே டிக்கெட் ரெண்டு தடவ போனாலும் அங்க ஒரு தடவதான் பதியணும், இல்லன்னா ஒரே பழத்துக்கு ரெண்டு தடவ காசு. இதையெல்லாம் மில்ல மூடி வச்சுட்டு செய்ய முடியாது. வெட்டின குலைய சீக்கிரம் ஆலைக்குள்ள ஏத்தலன்னா பழத்துல கொழுப்பு அமிலம் ஏறி எண்ணெய் தரம் இறங்கிடும், பழம் அதிகமா விழுற மாசத்துல லோரி ரோடு வரைக்கும் நிக்கும், அந்த வரிசைக்கு நடுவுல ஒரு நிமிஷம் சிஸ்டம் நின்னாலும் போன் பறக்கும். ஷிப்ட் மாறுற இடைவெளியில புது வெர்ஷன ஏத்தி, சரியா வரலன்னா உடனே பழசுக்குத் திரும்புற வழியையும் வச்சுட்டுத்தான் கை வைப்போம்.

இதுல எது சார் ஜூனியர் வேலை? ஒரு பெரிய சிஸ்டத்த எப்படி அமைப்பீங்கன்னு பாக்குற சிஸ்டம் டிசைன் ரவுண்டுன்னு சொல்லி பெட்டி பெட்டியா படம் போடச் சொல்லி நீங்க கேக்கிறது இதே விஷயத்தத்தானே. நான் பண்ணினத கேட்டிருந்தா அரை மணி நேரத்துல என் தரம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், நல்லாவோ மோசமாவோ. செஞ்ச வேலையக் கேளுங்க, அப்புறம் எடை போடுங்க. நான் கேக்கிறது அவ்வளவுதான்.

உங்க பக்கத்து கஷ்டமும் எனக்குப் புரியுது. ரெஸ்யூமேல பொய் எழுதுறவங்க இருக்காங்க, பெரிய டைட்டில் வச்சுக்கிட்டு ஒரு லூப் எழுதத் தெரியாதவங்களும் இருக்காங்க. அதுக்காகத்தான் 2007லயே பிஸ்பஸ்னு ஒரு சின்ன கணக்கு வந்துச்சு, மூணால வகுபட்டா ஒரு வார்த்த, அஞ்சால வகுபட்டா இன்னொரு வார்த்தன்னு. அந்த மாதிரி ஒரு சோதனை வைங்க, வேணாம்னு யாரும் சொல்லல. ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்தான், ஆனா அந்தச் சோறு அந்தப் பானையிலேர்ந்து எடுத்ததா இருக்கணும்ல? தினம் செய்யப் போற வேலைக்கு சம்பந்தமே இல்லாத ஒரு புதிரக் கொடுத்துட்டு, அதுல தடுமாறினா இவனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எப்படி முடிவு பண்றீங்க?

இது என் ஆதங்கம் மட்டும் இல்ல. மேக் கம்ப்யூட்டர்ல சாப்ட்வேர் இன்ஸ்டால் பண்ண உதவுற ஹோம்ப்ரூவ எழுதின மேக்ஸ் ஹவல், பைனரி ட்ரீய போர்டுல தலைகீழாக்க முடியலன்னு கூகுள் தன்னை ரிஜெக்ட் பண்ணிட்டதா 2015ல ட்விட்டர்ல எழுதினாரு, கூகுள் இஞ்சினியர்கள்ல பெரும்பாலானவங்க உபயோகிக்கிற சாப்ட்வேர் அவரோடதுன்னும் சொன்னாரு. அதே கூகுள்ல ஆள் எடுக்கிற பிரிவுக்கு தலைவரா இருந்த லாஸ்லோ பாக், மூளைய குடையற புதிர்க் கேள்வி எல்லாம் வெறும் நேர விரயம்னு 2013லயே பத்திரிக்கைப் பேட்டியில ஒத்துக்கிட்டாரு. 2020ல நார்த் கரோலினா ஸ்டேட் யுனிவர்சிட்டியும் மைக்ரோசாப்டும் சேந்து 48 மாணவர்கள வச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, ஒரே மாதிரி கணக்கு, பாதிப் பேரு தனி ரூம்ல, பாதிப் பேரு ஆள் பாத்துக்கிட்டு இருக்க போர்டுல சத்தமா பேசிக்கிட்டே. ஆள் பாத்தப்போ செயல்திறன் பாதிக்கும் மேல விழுந்துடுச்சு. அதுல ஆளுக்கு முன்னாடி எழுதின பொண்ணுங்கள்ல ஒருத்தர் கூட பாஸ் ஆகல, தனியா எழுதின பொண்ணுங்க அத்தன பேரும் பாஸ். சின்ன ஆய்வுதான், ஆனா பொண்ணுங்க யாரும் அப்ளை பண்றதில்லன்னு மேடையில வருத்தப்படுறவங்க அத ஒரு தடவ படிக்கணும்.

வருஷக் கணக்குக்கும் வர்றேன். என் வருஷங்கள பாதியா வெட்டி, மில்லுல இருந்ததெல்லாம் சாப்ட்வேர் அனுபவத்துல சேராதுன்னு வச்சுட்டீங்க. வேலைக்கு ஆள் எடுக்கிற முறைகள ஒப்பிட்டு ஷ்மிட், ஹண்டர்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1998ல போட்ட கணக்குலயே, வெறும் வருஷ எண்ணிக்கை ஒருத்தர் எப்படி வேலை செய்வாருன்னு சொல்றதுல ரொம்ப கீழதான் இருந்துச்சு, வேலைய செஞ்சு காட்டச் சொல்ற சோதனை மேல இருந்துச்சு. 2022ல சேக்கெட்டும் அவரோட சேந்தவங்களும் அந்தக் கணக்க திருத்திப் போட்டப்போ முதல் இடத்துக்கு வந்தது, எல்லாருக்கும் ஒரே கேள்வி, மார்க் எப்படிப் போடறதுன்னு முன்கூட்டியே எழுதி வச்ச இண்டர்வியூ. வருஷம்னாலே எவ்வளவு அபத்தமாப் போகும்னு பாக்கணும்னா, 2020ல பாஸ்ட்ஏபிஐங்கிற, வெப் சாப்ட்வேர் எழுத உதவுற கருவி தெரிஞ்ச ஆளு வேணும், நாலு வருஷ அனுபவம் வேணும்னு ஒரு விளம்பரம் வந்துச்சு. அத உருவாக்கின செபாஸ்டியன் ராமிரெஸே நான் அப்ளை பண்ண முடியாது, நான் அத எழுதி ஒன்றரை வருஷம்தான் ஆகுதுன்னு சொன்னாரு.

சொல்ல வந்ததோட இன்னொண்ணும் சொல்லிடறேன், மனசுல ரொம்ப நாளா கிடக்குது. வேலை முழுக்க இங்கிலீஷ்ல நடக்கும், டாக்குமெண்ட் இங்கிலீஷ், கஸ்டமர் வெளிநாடு, ஆனா விளம்பரத்துல மட்டும் மாண்டரின் பேசறவங்களுக்கு முன்னுரிமைன்னு இருக்கும். எதுக்குன்னு கேட்டா டீமுக்குள்ள பேசிக்க வசதியாம். வீட்டுல செஞ்சு கொண்டு வாங்கன்னு ஒரு புராஜெக்ட் கொடுப்பீங்க, சனி ஞாயிறு ரெண்டும் போயிடும், அனுப்பினத திறந்து பாத்தீங்களான்னு கூட பதில் வராது. இப்ப ஏஐ வச்சு ஏமாத்துறாங்கன்னு சொல்லி நேர்ல வரச் சொல்றீங்க. நியாயம்தான், ஆனா இங்கேர்ந்து இடிஎஸ் ரயில் டிக்கெட் போட்டு, லீவு எடுத்து, முதல் நாளே சொந்தக்காரங்க வீட்டுல வந்து தங்கி எழுதப் போறவனுக்கும் பக்கத்து கான்டோ அடுக்குமாடியிலேர்ந்து நடந்து வர்றவனுக்கும் அது ஒரே இண்டர்வியூ இல்ல. பால்மரம் வெட்டின கையால படிக்க வச்ச குடும்பங்க இங்க எத்தனையோ இருக்கு, அவங்க பிள்ளைங்க பாலிடெக்னிக்ல டிப்ளமோ முடிச்சு ஈப்போவுல சின்ன கம்பெனிக்குப் போய் நெசமான வேலை கத்துக்கிட்டு வர்றாங்க. ரெஸ்யூமேல பெரிய பேரு இல்லன்னு அத ஒதுக்கித் தள்ளாதீங்க, மனசு வேகுது.

கோவத்துல வார்த்த கூடக் கொறையப் போயிருந்தா மன்னிக்கணும், ஐயா, அம்மா. கேக்க வந்தத மரியாதையாவே கேட்டுடறேன். இண்டர்வியூல பாதி நேரத்த அவங்க நெசமா செஞ்ச ஒரு வேலைக்கு ஒதுக்குங்க. என்ன உடைஞ்சுது, எப்படிக் கண்டுபிடிச்ச, வேற என்ன வழி இருந்துச்சு, ஏன் அதப் பண்ணல, இன்னிக்கு செஞ்சா எத மாத்துவ, இப்படிக் கேட்டுக்கிட்டே உள்ள போங்க. பொய் சொல்றவனால மூணாவது கேள்வியத் தாண்டறது கஷ்டம், ஏன்னா அந்த எஸ்டி, யுஎஸ் மாதிரி சங்கதி எல்லாம் கேபிளத் தொட்டவனுக்குத்தான் தெரியும். கோட் எழுதத் தெரியுமான்னு பாக்கணும்னா உங்க கம்பெனியில நெசமா வந்த ஒரு பழைய பிழைய சின்னதாக்கிக் கொடுத்து கண்டுபிடிக்கச் சொல்லுங்க, கொஞ்ச நேரம் தனியா விடுங்க, அப்புறம் வந்து பேசுங்க. எல்லாருக்கும் அதே கேள்வி, அதே மார்க். வேணாம்னு முடிவு பண்ணினா என்ன குறைன்னு ரெண்டு வரி எழுதி அனுப்புங்க, அடுத்த இடத்துக்குப் போறதுக்குள்ள சரி பண்ணிக்கிறோம்.

அடுத்த மாசம் எங்க ஊர்லேர்ந்து இன்னும் சில பசங்க உங்க கம்பெனிகளுக்கு இண்டர்வியூவுக்கு வர்றாங்க. அவங்க கிட்டயாவது செஞ்ச வேலையக் கேளுங்கன்னு தாழ்மையோட கேட்டுக்கிறேன்.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட்லேர்ந்து ஒரு சாப்ட்வேர் இஞ்சினியர்