நான்கு சாரணியருக்காக ஊருக்கு ஒரு நன்றி மடல்

ஊர்ப் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் அண்ணன் தம்பிகளுக்கும் வணக்கம்.

நம் பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கும் நான்கு பெண்கள் சாரணியர் இயக்கத்தில் ராஜ்ய புரஸ்கார் என்ற மாநில விருது பெற்றிருக்கிறார்கள். ஆளுநர் கையொப்பமிட்ட சான்றிதழ். பாராட்டு விழாவில் பிள்ளைகளுக்கு மாலை போட்டீர்கள், சாரணிய ஆசிரியை என்று எனக்கும் பொன்னாடை போர்த்தினீர்கள். ஆனால் இந்தப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் பாதிப்பேர் அன்று ஆட்டோடு காட்டிலும் வண்டியோடு பெங்களூர் ரோட்டிலும் இருந்தார்கள். மேடையில் அவர்களைச் சொல்ல நேரம் கொடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

"டீச்சர், இது என்.சி.சி. மாதிரியா?" என்று நிறையப் பேர் கேட்டீர்கள். இல்லை, இது வேறு. 1907-ல் இங்கிலாந்தில் பேடன் பவல் என்ற ராணுவ அதிகாரி இருபது சிறுவர்களை ஒரு தீவில் முகாமுக்குக் கூட்டிப்போனதில் தொடங்கியது. நம் நாட்டில் தனித்தனியாக இருந்த அமைப்புகள் ஒன்றுசேர்ந்து 1950-ல் பாரத சாரண சாரணியர் இயக்கம் ஆனது. பிள்ளை முதலில் உறுதிமொழியும் ஒன்பது சட்டங்களும் படித்து, இடது கையால் கைகுலுக்கப் பழகி, பிரவேஷ் என்ற நுழைவு நிலையை முடிக்க வேண்டும். அப்புறம் பிரதம சோபான், துவிதிய சோபான், திருதிய சோபான். சோபானம் என்றால் படி. எந்தப் படியையும் தாண்டிக் குதிக்க முடியாது, ஒவ்வொன்றுக்கும் மாதக்கணக்கில் வேலை உண்டு. அதற்கு மேலேதான் ராஜ்ய புரஸ்கார். இந்தப் பெண்கள் ஆறாம் வகுப்பில் தொடங்கினார்கள்.

முதல் நன்றி, மேட்டுத்தெரு ஆட்டுக்காரத் தாத்தாவுக்கு. பிரதம சோபானுக்கு முடிச்சுகள் போடத் தெரிய வேண்டும். நான் புத்தகத்தில் இருக்கும் படத்தைக் கரும்பலகையில் வரைந்து ஒரு வாரம் போராடினேன். ரீஃப் முடிச்சு வந்துவிட்டது, பவ்லைன் யாருக்கும் வரவில்லை. உண்மையில் எனக்கே பாதி நாள் தவறிப்போகும். மைதானத்து வேலிக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த தாத்தா, "அது ஆட்டுக் கழுத்துல போடற முடிச்சும்மா" என்றார். இழுத்தாலும் கண்ணி இறுகாது, ஆடு திமிறினாலும் கழுத்து நெரியாது. அதற்குத்தான் அந்த முடிச்சு என்று அவர் சொன்ன பிறகுதான் பிள்ளைகளுக்குப் பிடிபட்டது. ஆட்டைப் பிடித்துக்கொண்டே கற்றுக்கொண்டார்கள். க்ளோவ் ஹிட்ச் என்று நாங்கள் படித்ததை அவர் முளைக்குச்சியில் ஒரே கையால் போட்டுக் காட்டினார். அன்றிலிருந்து இரண்டு மாதம், சனிக்கிழமை தோறும் வேலியோரம் வந்து நின்றார். ஒரு டீ கூட வாங்கிக்கொள்ளவில்லை.

ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டும் அண்ணனுக்கும் இதே கணக்கில்தான் நன்றி சொல்ல வேண்டும். தண்ணீரில் தவிப்பவருக்குக் கயிறு வீசுவதைப் பிள்ளைகள் மைதானத்தில் பழகியிருந்தார்கள். அவர் பார்த்துவிட்டு, ஆளுக்கு நேரே வீசாதே, ஆளைத் தாண்டி விழட்டும், கயிறு அவர்மேல் கிடந்தால்தான் கைக்குக் கிடைக்கும் என்று திருத்தினார். வீசுவதற்கு முன் நீ கரையில் காலை ஊன்று என்றும் சொன்னார். காவிரியில் அவர் எத்தனை பேரை இழுத்துப் போட்டிருப்பாரோ, கேட்டால் சொல்லமாட்டேன் என்கிறார்.

துணை சுகாதார நிலையச் செவிலியர் அக்கா, நீங்கள் முதலுதவி வகுப்பு எடுத்தது மொத்தம் ஆறு மாலை. பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டக்கூடாது, கீறக்கூடாது, கடிபட்டவரை நடக்கவிடாமல், கடிபட்ட கையோ காலோ அசையாமல் வைத்து நேராகப் பென்னாகரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று நீங்கள் சொன்னதைப் பிள்ளைகள் வீடு வீடாகப் போய்ச் சொன்னார்கள். போன மாசி மாதம் புளி உலுக்கும்போது மரத்திலிருந்து விழுந்த பையனை நினைவிருக்கும். நம் பெண் தன் கழுத்திலிருந்த ஸ்கார்ஃபை அவிழ்த்து, தென்னை மட்டையைத் துண்டாக்கி அணைகொடுத்துக் கட்டி, கையைத் தூளியில் போட்டு உங்களிடம் கூட்டிவந்தாள். ஸ்கார்ஃப் முக்கோணமாக இருப்பதே அதற்குத்தான் என்று நான் பாடத்தில் சொல்லியிருந்தேன். அவள் செய்தே காட்டிவிட்டாள். நீங்கள் கட்டைப் பிரிக்காமல் அப்படியே எலும்பு டாக்டரிடம் அனுப்பினீர்களே, அதைவிடப் பெரிய மதிப்பெண் அவளுக்கு யாரும் போடவில்லை.

சத்துணவு ஆயாவைப் பற்றி எழுத வந்தால் பக்கம் போதாது. முதல் முகாமில் எங்களுக்குத் தங்கக் கொடுத்த இடத்தில் கழிவறைப் பக்கம் விளக்கு எரியவில்லை. இரவெல்லாம் பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமலே படுத்திருந்தார்கள். சொல்லியும் அன்று யாரும் வந்து பார்க்கவில்லை. எனக்கு அழுகையே வந்தது. இதைக் கேள்விப்பட்டதும் இரண்டு தாய்மார்கள் இனி அனுப்பமாட்டோம் என்றார்கள், அவர்கள் பயந்ததில் தவறே இல்லை. அடுத்த முகாமுக்கு ஆயா ஒரு டார்ச்சும் பாயும் எடுத்துக்கொண்டு தானாகவே பஸ் ஏறிவிட்டார். மூன்று இரவும் வாசற்படிக்குக் குறுக்கே படுத்தார். அதே ஆயாதான் பாத்திரமில்லாச் சமையலுக்கு வழி சொன்னது: கேழ்வரகு மாவில் முருங்கைக்கீரையும் வெங்காயமும் பிசைந்து, வாழை இலையில் பொதிந்து, தணலில் போட்டுத் திருப்பு என்று. தேர்வு முகாமில் மற்ற அணிகள் உருளைக்கிழங்கு சுட்டுக்கொண்டிருந்தபோது நம் பிள்ளைகளின் அடை மணம் மைதானம் முழுக்கப் பரவியது. தேர்வாளர் இரண்டாவது அடை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இனி கண்டக்டர் அண்ணன். நம் ஊரில் எத்தனை வீட்டில் அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார்கள், பிள்ளைகள் பாட்டியிடம் வளர்கிறார்கள் என்று சொல்லத் தேவையில்லை. ராஜ்ய புரஸ்கார் தேர்வு முகாமுக்குப் பெற்றோர் ஒப்புதல் கடிதம் வேண்டும். ஒரு பெண்ணின் அப்பா எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் வேலை செய்கிறார், கடிதம் கொடுக்க ஒரே நாள்தான் பாக்கி. தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் நின்று யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் முழித்தேன். பெங்களூர் வண்டிக் கண்டக்டர் ஒருவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு உறையை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அந்த அப்பா மேம்பாலத்தடியில் சிமெண்ட் கையோடு நின்று கையெழுத்துப் போட்டாராம். மறுநாள் விடியற்காலை அதே உறை என் கையில். அண்ணா, உங்கள் பெயரைக் கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. இந்த மடலை யாராவது உங்களிடம் காட்டினால் ஒரு முறை நம் பள்ளிக்கு வாருங்கள். அந்தப் பெண் உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறாள்.

இன்னொருத்திக்கும் நன்றி. தொடங்கும்போது அணியில் எட்டுப் பேர். அணித் தலைவியாக இருந்தவள் திருதிய சோபான் முடித்த கையோடு குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போக வேண்டியதாயிற்று. போகிற அன்று தன் பதிவேட்டை அணித் தோழிகளிடம் கொடுத்துவிட்டுப் போனாள். கூடாரம் அடிப்பது, திசைகாட்டி பார்ப்பது, நிழலை அளந்து பனைமரத்து உயரம் சொல்வது எல்லாம் படம் போட்டு எழுதியிருந்தாள். இந்த நால்வரும் தேர்வுக்குப் படித்தது அதைத்தான். கண்ணு, நீ எங்கே இருந்தாலும் இந்த விருதில் உன் பங்கு இருக்கிறது. போன இடத்தில் பள்ளியில் சேர்ந்துவிட்டாயா என்று ஒரு வார்த்தை சொல்லியனுப்பு.

அணியில் நடுவில் நின்றுபோன மற்ற மூவருக்கும், யோசித்து யோசித்துக் கையெழுத்துப் போட்ட பாட்டிகளுக்கும், சீருடை தைத்துவிட்டுப் பாதிக் கூலியோடு போதும் என்ற டெய்லர் அம்மாவுக்கும் என் நன்றி.

வரும் சனிக்கிழமை ஆறாம் வகுப்பிலிருந்து பதினோரு பேர் பிரவேஷுக்கு வருகிறார்கள். தாத்தா, நீங்கள் பழகக் கொடுத்த கயிறு பள்ளி அலமாரியில்தான் இருக்கிறது. திருப்பிக் கேட்காதீர்கள். முடிந்தால் ஆட்டையும் ஓட்டிக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் பள்ளியின் சாரணிய ஆசிரியை
பென்னாகரம் வட்டம், தர்மபுரி மாவட்டம்