மொட்டைத் தலையும் முழங்காலும்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில் ஒரு வரி: "குடல் நோய்க்காரர்கள் மூட்டுவலி, கண் சிவப்பு எல்லாவற்றையும் குடல் கணக்கில் எழுதுவது மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிற வேலை." படித்ததும் என் முழங்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். தலையில் முடி இருக்கிறது. முழங்காலில்தான் 19 வருஷமாக அந்த முடிச்சு.

எனக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், பெருங்குடலில் புண். அதுவும் குரோன் நோயும் 'அழற்சிக் குடல் நோய்' என்ற ஒரே குடும்பம் என்பது தாங்கள் அறியாததல்ல. வயிறு தகராறு செய்வதற்கு ஒரு வருஷம் முன்பே எனக்கு முழங்கால் வீங்கிவிட்டது. எலும்பு மருத்துவர் வலி மாத்திரை எழுதினார். மாத்திரை உள்ளே போகப் போக மலத்தில் ரத்தம். அந்த வகை மாத்திரைகள் குடல் அழற்சியைக் கிளறிவிடக்கூடும் என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

கண் கதை தனி. ஒரு கண் சிவந்து, வெளிச்சம் பட்டாலே ஊசி குத்துகிற வலி. ஒட்டிக்கொள்ளும் என்று வீட்டில் என் துண்டைத் தனியாக வைத்தார்கள். இரண்டு முறை சொட்டு மருந்து மாறியது. மூன்றாவது முறை, கருவியில் மோவாயை வைத்து ஆடாமல் உட்கார்ந்திருக்கிறேன். எதிரே விளக்கைத் திருகிக்கொண்டிருந்த இளம் மருத்துவர், "ஒரு நாளைக்கு எத்தனை தடவை டாய்லெட் போவீங்க?" என்றார். கண் டாக்டர் கேட்கிற கேள்வியா இது? தலையைத் தூக்கிவிட்டேன். "அசையாதீங்கம்மா" என்று ஓர் அதட்டு. யுவைடிஸாம், கண்ணுக்குள்ளே அழற்சி. இன்னும் கொஞ்சநாள் விட்டிருந்தால் பார்வைக்கே ஆபத்து. குடல் அமைதியாக இருக்கும்போதும் இது வரும் என்பதையும் அவர்தான் சொன்னார். அதுவரை எனக்குக் குடல் பார்த்தவர்கள் கண்ணைப் பற்றிப் பேசியதில்லை, கண் பார்த்தவர்கள் குடலைக் கேட்டதில்லை. இப்போது தங்கள் கட்டுரையாளரும் அந்த வரிசையில்.

இந்தக் குடல் நோய்களுக்கு வேறு முடிச்சுகளும் உண்டு, ஐயா. முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் சிவந்து வலிக்கும் கட்டிகள், ரத்தசோகை, பித்தநாளம் சுருங்கும் நோய். நோய் முற்றும்போது காலில் ரத்தம் உறைகிற அபாயம் கூடுகிறது. ஸ்டீராய்டை நீளச் சாப்பிட்டால் எலும்பு மெலிகிறது. குரோன் நோய் சிறுகுடலின் கடைசிப் பகுதியைத் தின்றுவிட்டால் பி12 வைட்டமின் உடம்பில் சேராது. மனச்சோர்வைப் பற்றி நான் எழுதினால் இந்தக் கடிதம் நீண்டுவிடும்.

இது முதல் தடவையும் அல்ல. இரண்டு வருஷம் முன்பு இதே பக்கத்தில் 'எரிச்சல் குடல்' என்பதையும் 'அழற்சிக் குடல்' என்பதையும் ஒன்றாக்கி எழுதினீர்கள். முன்னதில் கொலோனோஸ்கோபி செய்தால், அதாவது கேமராக் குழாய் விட்டுக் குடலைப் பார்த்தால், புண் தெரியாது, பின்னதில் பெரும்பாலும் தெரியும். அந்தப் பக்கத்தைக் கத்தரித்து எடுத்துவந்த உறவினர் ஒருவர், "மனசை லேசா வெச்சுக்கோ, மாத்திரையை நிறுத்திடு" என்று எனக்கு உபதேசம் செய்துவிட்டுப் போனார். அப்போதும் கடிதம் எழுதினேன். பதில் இல்லை. எதிர்ப்பக்கத்தில் குடலைக் கழுவினால் சகல நோயும் தீரும் என்ற அரைப்பக்க விளம்பரத்துக்கு மட்டும் இடம் இருந்தது.

சரி, நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. நாள்பட்ட குடல் நோய் உள்ளவர்களுக்கு மூட்டு வீங்கினாலோ கண் சிவந்து வலித்தாலோ மருத்துவரிடம் குடல் நோயையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். அதே மருத்துவப் பக்கத்தில், அதே எழுத்து அளவில். குறுக்கெழுத்து விடைகளுக்குக் கீழே வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி