லாஸ்ட் சீன் மூன்றேகால்

பாப்பா,

போன் செய்தால் "ம்", "சரிம்மா", "அப்புறம் பேசறேன்" என்ற மூன்றோடு முடிந்துவிடுகிறது, அதனால்தான் எழுதுகிறேன். இதை நடுவில் கட் பண்ண முடியாது. அண்ணனுக்கு மாற்றல் இன்னும் வரவில்லை, மாடி ஒழுகல் நின்றுவிட்டது, சித்தி வழக்கம்போல. செய்தி அவ்வளவுதான்.

ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குகிறாய்? வேவு பார்க்கிறேன் என்று நினைக்காதே, ஆனால் வாட்ஸ்அப்பில் லாஸ்ட் சீன் மூன்றேகால் என்று காட்டுகிறது, நேற்றும், முந்தாநாளும். (அந்த நேரத்தில் நான் ஏன் விழித்திருந்தேன் என்று கேட்காதே.) பரீட்சைக்கு முந்தின நாள் நன்றாகத் தூங்கிவிட்டால் போதும் என்பாயே, அது சரியில்லையாம். அமெரிக்காவில் எம்ஐடி என்ற பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்த மாணவர்களின் கையில் பட்டை கட்டி ஒரு செமஸ்டர் முழுக்கத் தூக்கத்தை அளந்திருக்கிறார்கள், 2019இல் வெளியான ஆய்வு. முந்தின ராத்திரித் தூக்கத்துக்கும் மார்க்குக்கும் சம்பந்தமே தெரியவில்லை, அதற்கு முன்னால் வாரக்கணக்கில் எப்படித் தூங்கினார்கள் என்பதில்தான் விஷயம் இருந்திருக்கிறது. அதனால் சீக்கிரம் படு.

ரூம்மேட் ராத்திரியெல்லாம் கேம் ஆடுகிறாள் என்று ஒரு தடவை வாய்தவறிச் சொன்னாய், அப்புறம் பேச்சை மாற்றிவிட்டாய். நான் மறக்கவில்லை. அமெரிக்காவில் பெரியா என்று ஒரு கல்லூரி, அங்கே யாருக்கு யார் ரூம்மேட் என்பதைக் குலுக்கல் மாதிரிதான் போட்டிருக்கிறார்கள். ரூம்மேட் வீடியோ கேம் கொண்டுவந்திருந்தால் பக்கத்துக் கட்டில் பிள்ளையின் படிப்பு நேரம் ஒரு நாளைக்குச் சுமார் நாற்பது நிமிஷம் குறைந்திருக்கிறது, மார்க்கும் இறங்கியிருக்கிறது. 2008இல் இதை எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்தப் பெண்மேல் கோபமில்லை. கட்டிலில் உட்கார்ந்து படிக்காதே, லைப்ரரிக்குப் போ என்றுதான் சொல்கிறேன். போகிறாயா?

ஹாஸ்டலில் இருந்தாலே மார்க் ஏறிவிடும் என்று சித்தி சொல்வதை நம்பாதே. ஹாஸ்டலுக்குப் போகிற பிள்ளைகளும் வீட்டிலிருந்து போகிற பிள்ளைகளும் முதலிலேயே வேறு வேறு வசதி, வேறு வேறு படிப்புப் பின்னணி. அதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தால் பெரும்பாலானவர்களுக்கு மார்க்கில் பெரிய வித்தியாசமே தெரியவில்லை என்று 2010இல் வந்த ஒரு ஆய்வு சொல்கிறது. ஆனால் பாதியில் படிப்பை விடாமல் முடிப்பதற்கு வளாகத்தில் தங்குவது உதவுகிறது என்று ஆஸ்டின் என்ற பேராசிரியர் எழுபதுகளிலேயே எழுதிவிட்டார். கட்டிடமா படிக்கவைக்கும்? அங்கேயே இருப்பதால் ஆசிரியரோடும் கூடப் படிக்கிறவர்களோடும் ஒட்டிக்கொள்ள நேரம் கிடைக்கிறது, அவ்வளவுதான். ஒட்டாமல் அறைக்குள்ளேயே இருந்தால் ஹாஸ்டலும் ஒன்று, நம் வீட்டு மாடி அறையும் ஒன்று.

நீ சாயங்காலம் யாரோடு உட்கார்ந்து படிக்கிறாய் என்று இதுவரை ஒரு பெயர்கூடச் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில் உன்னிடம் கணக்கு கேட்க வாசலில் செருப்பு குவிந்து கிடக்குமே. அந்தப் பெண்ணா இப்படி என்று நினைத்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. பெருமை பேசிப் பேசி நானே கண் வைத்துவிட்டேனோ என்னவோ.

உங்கள் காலேஜில் ரிசல்ட் வந்து பத்து நாள் ஆயிற்றாம், அண்ணன் சொன்னான். ஆயிற்றாம், அவ்வளவுதான். நான் எதுவும் கேட்கவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவு சுற்றுகிறேன் போலிருக்கிறது. முதல் வருஷம் ஹாஸ்டல் ஃபீஸ் கட்ட வழியில்லை, டே ஸ்காலராகவே போய்வா என்றேனே. பொய். பணம் இருந்தது. அந்த டெபாசிட்டை உனக்காக எடுக்கலாம் என்று அப்பா சொல்லிவிட்டுத்தான் போனார். அண்ணன் வெளியூர், அப்பா இல்லை, நீயும் போய்விட்டால் சாயங்காலம் காலிங் பெல் அடிக்க யார் இருக்கிறார்கள் என்று பயந்துவிட்டேன். மற்றவர்களெல்லாம் லேப் முடிந்து ஒன்றாக உட்கார்ந்தபோது நீ நாலரை பஸ்ஸுக்கு ஓடிவந்தாய், பஸ்ஸில் தூங்கி வழிந்து வீட்டுக்கு வந்தாய், நானும் பெண் என்னைவிட்டு இருக்கமாட்டாள் என்று எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் சேர்வது அந்த முதல் வருஷத்தில்தான். இரண்டாம் வருஷம் பெட்டியோடு போய் நின்றால் எல்லாக் கூட்டமும் ஏற்கெனவே நிரம்பித்தானே இருக்கும். இது உன் சாமர்த்தியக் குறைவு இல்லை, நான் செய்தது. அப்பா இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டார்.

இதைப் படித்துவிட்டு உடனே போன் செய்து அழவைக்காதே. வார்டனிடம் ரூம் மாற்றிக் கேட்கலாம், தப்பில்லை. நான் பேசட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்பாய், சரி, பேசவில்லை. விண்ணப்பத்தில் பெற்றோர் கையெழுத்து வேண்டுமென்றால் போட்டோ எடுத்து அனுப்பு, போட்டுத் தருகிறேன். மூன்றேகால் மணிக்கு அனுப்பினாலும் சரி, முழித்துத்தான் இருப்பேன்.

அம்மா