கிராணி வீட்டுக் கரண்ட்

பத்தாங் பெர்ஜுந்தை, மலேசியா
ஞாயிறு, மத்தியானம்

அன்புள்ள சந்திரா,

பத்து மாதமாக ஒரு வரி இல்லை என்று திட்டுவாய். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஊர்ப் பெயரைப் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, நான் இன்னும் பழைய பெயரைத்தான் போடுகிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாமே என்று கேட்காதே. இது கட்டைவிரலால் தட்டுகிற விஷயம் இல்லை. குரலில் பேசி அனுப்பலாம் என்றால் பாதியில் தொண்டை அடைத்துக்கொள்ளும், நீ உன் பேத்திகளுக்குப் போட்டுக் காட்டிச் சிரிப்பாய்.

இங்கே எல்லாரும் நலம். எனக்குச் சர்க்கரை இறங்க மாட்டேன் என்கிறது. பார்வதி உன் வீட்டில் எல்லாரையும் விசாரித்தாள். ராசம்மா அக்கா இருக்கிறாள், அதே வாயோடு. மொட்டைச் சாமி கடையை மகனிடம் கொடுத்துவிட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிற ஆளையெல்லாம் விரட்டிக்கொண்டிருக்கிறான். போதும்.

விடுமுறைக்கு வந்த பேரன் ஒரு தடிப் புத்தகத்தைப் படுக்கையில் விட்டுவிட்டுப் போய்விட்டான். சூப்பர்மேனின் ஆரம்பகாலக் கதைகள், ஆங்கிலத்தில். போன வாரம் மூன்று நாள் விடாமல் மழை. செம்பனைக் குலை வெட்டப் போக முடியாது. சரி, பார்ப்போம் என்று எடுத்தேன். எடுத்தவன் வைக்கவில்லை. அறுபத்திரண்டு வயதில் கவிழ்ந்து படுத்துக்கொண்டு காமிக்ஸ் படிக்கிறேன். பார்வதி சாப்பாட்டுத் தட்டைக் கொஞ்சம் ஓங்கித்தான் வைத்தாள்.

படிக்கப் படிக்க நம் மாயாவி ஞாபகம்தான். முத்து காமிக்ஸின் முதல் புத்தகமே இரும்புக்கை மாயாவிதானே, 1972இல். சிவகாசியிலிருந்து கப்பல் ஏறி, கோலாலம்பூர் வந்து, பஸ் ஸ்டாண்ட் புத்தகக் கடைக்கு வந்து, அங்கிருந்து உன் அப்பா சைக்கிள் கேரியரில் நம் ரப்பர் தோட்டத்துக்கு வரும்போது அட்டை பாதி பிய்ந்திருக்கும். நீ படித்து முடித்த பிறகுதான் எனக்கு. அதுவும் உன் வீட்டுப் பின்திண்ணையில் உட்கார்ந்து, கையைக் கழுவிவிட்டு.

நாம் விளையாடியது நினைவிருக்கிறதா? எப்போதும் நீதான் மாயாவி, நான் வில்லன், இல்லையென்றால் வில்லனுடைய அடியாள். ஒரு நாள் நான் சண்டை போட்டேன், இன்றைக்கு நான் மாயாவி என்று. நீ ரொம்ப நியாயமாக ஒரு பதில் சொன்னாய்: "மாயாவிக்கு ஷாக் அடித்தால்தான் உடம்பு மறையும். உன் வீட்டில் கரண்ட் ஏது?"

எனக்கு வாயே திறக்க முடியவில்லை. உண்மைதானே! தொழிலாளிகள் இருந்த லயத்தில் மண்ணெண்ணெய் விளக்கு. எஞ்சின் கரண்ட் துரை பங்களாவுக்கும், ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வீடுகளுக்கும் மட்டும், அதுவும் ராத்திரி பத்து மணி வரை. சூப்பர் சக்தி வேண்டுமென்றால்கூட முதலில் கிராணி மகனாகப் பிறக்க வேண்டும். இதை நான் முப்பது வருஷமாகச் சிரிப்பாகத்தான் எல்லாரிடமும் சொல்லிவந்திருக்கிறேன்.

சரி, புத்தகத்துக்கு வருகிறேன். நமக்குத் தெரிந்த சூப்பர்மேன் யார்? பேங்கில் கொள்ளையடிக்க வருகிறவனைத் தூக்கிப் போலீஸ் வாசலில் வைக்கிறவன். முப்பது வருஷம் பேங்க் கௌண்டரில் இருந்த உனக்கு அவனைப் பிடிக்கும்தான். ஆனால் 1938இல் வந்தவன் வேறு ஆள், சந்திரா. மனைவியை அடிக்கிறவனைச் சுவரில் வீசுகிறான். குடிசைகளை அவனே இடித்துத் தள்ளுகிறான், அரசாங்கம் வேறு வழியில்லாமல் நல்ல வீடு கட்டித் தரட்டும் என்று. மூன்றாவது இதழில் ஒரு சுரங்கக் கதை. சுரங்கம் சரிந்து ஒரு தொழிலாளி முடமாகிப் போகிறான். சூப்பர்மேன் தொழிலாளி வேஷத்தில் உள்ளே போகிறான். அன்றைக்கு முதலாளி வீட்டில் விருந்து. பட்டுச் சட்டையும் முத்துமாலையுமாக வந்த கூட்டத்துக்கு ஒரு ஆசை, விருந்தைச் சுரங்கத்துக்குள்ளேயே வைத்தால் வேடிக்கையாக இருக்குமே என்று. எல்லாரும் இறங்குகிறார்கள். இவன் தூணைச் சாய்த்து வழியை மூடிவிடுகிறான். அபாய மணியை அடிக்கப் போனால் அது வேலை செய்யவில்லை. முதலாளி கையில் மண்வெட்டி. அவ்வளவுதான் கதை. குத்து இல்லை, வெடி இல்லை. அவனுடைய குழியில் அவனைக் கொஞ்ச நேரம் நிற்க வைத்ததோடு சரி.

நம் ஊரிலும் ஈயம் தோண்டிய மிதவை எஞ்சின், நாம் கப்பல் என்போமே, அது ராத்திரியெல்லாம் ஊளையிடுமே, அந்தச் சத்தத்தோடுதான் எனக்கு அந்தப் பக்கங்கள் ஓடின.

இதை எழுதி வரைந்த ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் கிளீவ்லாண்டில் வளர்ந்த யூதப் பையன்கள், பிழைக்க வந்த குடும்பங்களின் பிள்ளைகள். சூப்பர்மேனின் முழு உரிமையையும் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பிறகு சீகல் ஒரு ஆபீசில் குமாஸ்தா, ஷஸ்டருக்குக் கண் மங்கிவிட்டது. ஊரெல்லாம் கேட்ட பிறகு 1975 முடிகிற நேரத்தில்தான் ஆளுக்கு வருஷம் 20,000 டாலர் கிடைத்தது. அந்த 130 டாலரைக் கொடுத்த காசோலைத் தாள் இருக்கிறதே, வெறும் தாள், அது 2012இல் ஏலத்தில் 160,000 டாலருக்குப் போனது. நம் ஆட்கள் கங்காணியிடம் கைநாட்டு வைத்த தாள்களை யாராவது ஏலம் விட்டால் என்ன விலைக்குப் போகும் என்று யோசித்தேன்.

அதற்குப் பிறகு பேரனுக்குப் போன் போட்டு வேறு எது இருக்கிறது என்று கேட்டேன். அவன் பெயர்களாக அடுக்கினான். 1970இல் வந்த கிரீன் லேண்டர்ன், பச்சை விளக்கு மோதிரக்காரன் கதை ஒன்று. ஒரு பெரிய மனுஷனைத் தெருப்பையன் ஒருவன் அடிக்கிறான் என்று காப்பாற்றுகிறான். பார்த்தால் அந்தப் பெரிய மனுஷன் வீட்டுச் சொந்தக்காரன், குடியிருக்கிற ஏழைகளைக் கிளப்பிவிட்டு இடத்தை வண்டி நிறுத்துமிடமாக்கப் பார்க்கிறவன். கறுப்பினக் கிழவர் ஒருவர் வந்து கேட்கிறார்: வேறு கிரகத்தில் நீலத் தோல்காரனுக்கு உழைத்தாய், ஆரஞ்சுத் தோல்காரனுக்கு உழைத்தாய், கறுப்புத் தோல்காரனுக்கு என்ன செய்தாய்? அண்டத்தையே காவல் காக்கிறவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கிறான். அந்த ஒரு படத்தைப் பேரன் போனில் அனுப்பினான், இரண்டு தரம் பெரிதாக்கிப் பார்த்தேன்.

வாட்ச்மென் என்று ஒன்று இருக்கிறது, அதில் 1977இல் போலீஸ்காரர்களே வேலைநிறுத்தம் செய்கிறார்கள், முகமூடி வீரர்கள் தெருவில் இறங்கி ஜனங்கள் மேலேயே கண்ணீர்ப் புகை விடுகிறார்கள். அதைப் பார்த்ததும் தாத்தா சொல்வாரே, 1941 கிள்ளான் தோட்டத் தொழிலாளர் ஸ்டிரைக், அதுதான் நினைவுக்கு வந்தது. துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்பதையும் ஒரு கோரிக்கையாக வைத்தார்கள். பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்தார்கள். சைக்கிள் விஷயம் உனக்கு அதிகப்படியாகத் தெரியும். உன் அப்பாவுக்கு நாங்கள் எல்லாரும் இறங்கித்தான் நின்றோம், 1941 முடிந்து எத்தனையோ வருஷம் கழித்தும். யாரும் சொல்லவில்லை, கால் தானாக இறங்கும்.

ஒரே ஒருவன் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனான். லூக் கேஜ் என்று பெயர், 1972இல் வந்தவன், ஹார்லெம்காரன், கூலிக்கு வேலை செய்கிற சூப்பர் ஹீரோ. டாக்டர் டூம் என்ற ராஜா 200 டாலர் கூலியைக் கொடுக்காமல் ஏமாற்றிவிட்டுத் தன் நாட்டுக்குப் போய்விடுகிறான். இவன் உலகத்தைக் காப்பாற்றவெல்லாம் போகவில்லை. அந்த 200 டாலரை வாங்க அவன் கோட்டைக்கே போய் இறங்குகிறான்! நீ 1979 தைப்பூசத்தில் என்னிடம் வாங்கிய 12 வெள்ளிக் கடன் ஞாபகம் இருக்கட்டும். பினாங்கு ஒன்றும் அவ்வளவு தூரம் இல்லை.

சுற்றிச் சுற்றி வருகிறேன், தெரிகிறது எனக்கே. அந்தச் சுரங்கக் கதையில் ஒரு கட்டம் இருக்கிறது. சூப்பர்மேன் பத்திரிகை நிருபராகப் போய் முதலாளியைக் கேட்கிறான், விபத்து எப்படி நடந்தது என்று. தொழிலாளியின் சொந்தக் கவனக் குறைவுதான் என்கிறான் முதலாளி. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு முற்றத்துக்குப் போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உனக்கு நான் சொல்லவே இல்லாத ஒன்று. 1976இல் என் அப்பா தோளில் ரப்பர் பால் சுமக்கிற காண்டாவோடு, பெரிய காண் வாய்க்கால் மேல் போட்ட பலகையில் விழுந்தாரே, காலை உடைத்துக்கொண்டாரே. பலகை உளுத்துப்போய்க் கிடந்தது, மூன்று மாதமாக எல்லாரும் காலையில் பேர் கொடுக்கிற பிரட்டுக்களத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அடுத்த வாரம் நானும் நீயும் புதுப் புத்தகம் வாங்க உன் அப்பாவிடம் காசு கேட்டு ஆபீசுக்குப் போனோம். நீ உள்ளே போனாய். நான் மேசைப் பக்கம் நின்றேன். சிவப்பு முதுகு ரிஜிஸ்டர் திறந்திருந்தது. அப்பா பெயர், தேதி, பக்கத்தில் உன் அப்பாவின் அழகான சாய்ந்த எழுத்தில் 'கேர்லெஸ்னெஸ்'. நான் ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன், அந்தச் சொல்லைப் படித்து முடிக்கவே நேரம் பிடித்தது. நஷ்ட ஈடு ஒரு காசு வரவில்லை. அப்பா அதற்கப்புறம் பால் மரம் வெட்டப் போகவில்லை, புல் வெட்டப் போனார், பாதிச் சம்பளத்துக்கு.

இதையும் சொல்லிவிட வேண்டும். அதே வாரம் ராத்திரி உன் அப்பா எங்கள் லயத்துக்கு வந்தார். ஒரு மைலோ டின், ஒரு பாக்கெட் பிஸ்கட், இருபது வெள்ளி. வாசற்படி ஏறவில்லை. அம்மா நாற்காலி போட்டாள், உட்காரவில்லை. டார்ச் லைட்டைத் தரையில் அடித்துக்கொண்டே நின்றுவிட்டுப் போய்விட்டார்.

போன வருஷம் அவர் இறந்தபோது முதுகு வலி, பஸ் ஏற முடியாது என்று சொன்னேனே. பொய். முதுகு நன்றாகத்தான் இருந்தது. டிக்கெட் வாங்கிவிட்டு, திருப்பிக் கொடுத்தேன்.

இனி இதைக் கேள். எனக்கு இப்போது நாலு ஆட்கள் இருக்கிறார்கள் என்று தெரியுமே, சிறுதோட்டக்காரர்களுக்குக் குலை வெட்டிக் கொடுக்கிறோம். மூன்று பேர் வங்காளதேசம், ஒருவன் இந்தோனேசியா, லொம்போக். அதில் ரஃபீக் என்று ஒரு பையன், என்னைச் சாச்சா என்று கூப்பிடுவான். இரண்டு மாதத்துக்கு முன்னால் நீளக் கம்பு அரிவாளால் உயரத்துக் குலையை இழுக்கும்போது சிலாம்பும் தூசியுமாக நேரே கண்ணில் விழுந்தது. தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். ராத்திரிக்குள் கண் தக்காளி மாதிரி ஆகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன், மருந்து போட்டார்கள். 2019இலிருந்து வெளிநாட்டு ஆட்களுக்கும் சொக்சோ, தொழிலாளர் காப்புறுதி, உண்டே, அதற்கு ஃபாரம் நிரப்ப வேண்டும். விபத்து எப்படி நடந்தது என்று ஒரு கட்டம். பேனாவை எடுத்தேன். 'தொழிலாளி பாதுகாப்புக் கண்ணாடி அணியவில்லை' என்று எழுதினேன். யாரும் சொல்லித் தரவில்லை, சந்திரா. கை தானாகப் போயிற்று.

பொய்யும் இல்லை. அவன் அணியவில்லைதான். அணிய நான் வாங்கிக் கொடுத்திருக்கவில்லை. ஒன்று எட்டு வெள்ளி. மொட்டைச் சாமி கடையில் ஆணியில் தொங்குகிறது, தினமும் அதற்குக் கீழே நின்றுதான் தே தாரே குடிக்கிறேன்.

ஃபாரத்தைக் கொடுத்தும் விட்டேன். புத்தகத்தில் அந்தக் கட்டத்தைப் பார்த்தது அதற்கு ஆறு வாரம் கழித்து. மறுநாள் போய்த் திருத்தி எழுதிக் கொடுக்க வேண்டும் என்றேன். கௌண்டரில் இருந்த பெண், முதலில் எழுதியதற்கும் இப்போது எழுதுவதற்கும் ஏன் வித்தியாசம் என்று கேட்டாள். கண்ணாடி கொடுக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என்ன ஆகும் என்று தெரியவில்லை, அபராதம் வந்தால் வரட்டும். ரஃபீக்குக்கு அந்தக் கண்ணில் இன்னும் மங்கல்தான். இருட்டினால் மோட்டார் ஓட்ட மாட்டேன் என்கிறான். கண்ணாடி ஆறு வாங்கிப் போட்டேன். வியர்வையில் ஆவி படிகிறது என்று நாலு பேரும் நெற்றியில் ஏற்றி விட்டுக்கொண்டு அண்ணாந்து வெட்டுகிறார்கள். கத்தினால் இறக்குவார்கள், நான் திரும்பினால் மறுபடி நெற்றிக்கு.

உன் அப்பா அந்தச் சொல்லை எழுதியது சரி என்று நான் சொல்ல வரவில்லை. என் அப்பா நொண்டிக்கொண்டே செத்தார். ஆனால் அவருக்கு மேலே சின்ன துரை, அதற்கு மேலே பெரிய துரை. எனக்கு மேலே யார் இருந்தார்கள்? அவராவது இருட்டில் டார்ச் எடுத்துக்கொண்டு வந்தார். நான் ரஃபீக் அறைக்கு இன்னும் போகவில்லை, அவன் இருப்பது கோயிலுக்குப் பின்னால் பழைய லயத்தில், நம் வீட்டிலிருந்து ஐந்தாவது கதவு. இந்தக் கடிதத்தை ஒட்டிவிட்டுப் போகலாம் என்றிருக்கிறேன்.

அப்பாவிடம் அந்த ரிஜிஸ்டர் விஷயமாக எப்போதாவது பேசியிருக்கிறாயா? உனக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியும் என்றாலும் கோபப்பட மாட்டேன், எழுது. அவருக்குத் திதி எப்போது என்றும் எழுது, இந்தத் தடவை முதுகு வலிக்காது.

முடிந்தால் நம் கோயில் தீமிதிக்கு வா. வரும்போது பரணில் அந்தத் தகரப் பெட்டி இருந்தால் மாயாவியைத் தேடி எடுத்து வா, அட்டை போனாலும் பரவாயில்லை, பேரனுக்குக் காட்ட வேண்டும். இங்கே இருபத்துநாலு மணி நேரமும் கரண்ட் இருக்கிறது, முன்னறையில் மட்டும் மூன்று பிளக். இந்தத் தடவை நான்தான் மாயாவி. நீ அடியாள்.

உன்,
முனியாண்டி

பி.கு.: 12 வெள்ளி. வட்டி வேண்டாம்.