தரையில் போல்ட் போட்ட ஹார்னஸ்: புதுச்சேரி கார் அலங்காரக் கடையினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கடை உரிமையாளர்களுக்கு, வணக்கம்.

இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் டிராக் டே (சொந்தக் காரைத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள்) என்று அறிவிப்பு வந்தவுடன் நம் ஊர் இளைஞர்கள் அன்றாடம் ஓட்டும் காரை எடுத்துக்கொண்டு முதலில் உங்கள் கடைக்குத்தான் வருகிறார்கள் என்பது நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. அண்மையில் என் அக்காள் மகனின் காரில் உங்களுள் ஒருவர் நான்கு முனை ஹார்னஸ், அதாவது இரு தோள்களையும் இடுப்பையும் இறுக்கிப் பிடிக்கும் பந்தயப் பட்டி, மாட்டித் தந்தார். தோள்பட்டி இரண்டையும் சீட்டுக்குப் பின்னால் தரைத்தகட்டுக்கு இறக்கி, அங்கே துளையிட்டு, சிறு வாஷர் ஒன்றை வைத்து முடுக்கியிருந்தார். பரிசோதனையில் அதைப் பார்த்தவர்கள் காரைத் தடத்தில் இறக்கவிடவில்லை. அவர்களுக்கு எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

தோளிலிருந்து செங்குத்தாகத் தரைக்கு இறங்கும் பட்டி, கார் எதிலாவது மோதி உடல் முன்னே பாயும்போது தோளைக் கீழ்நோக்கி அழுத்தும். அந்த விசையை முதுகெலும்பு தாங்க வேண்டியிருக்கும். உலக மோட்டார் பந்தயங்களுக்கு விதி வகுக்கும் எஃப்.ஐ.ஏ. அமைப்பின் விதிப்படி, சீட்டுச் சாய்மானத்தின் மேல் விளிம்பிலிருந்து பின்னோக்கிச் செல்லும் பட்டி கிடைமட்டத்திலிருந்து 45 பாகைக்கு மேல் இறங்கக் கூடாது. 10 பாகைக்குள் இருப்பதே நல்லது. புதிதாகத் துளையிடும் இடத்தில் குறைந்தது 40 சதுர சென்டிமீட்டர் பரப்பும் 3 மில்லிமீட்டர் கனமும் உள்ள எஃகுத் தகடு வேண்டும். உங்கள் வாஷரோ ஒரு ரூபாய் நாணயத்தை விடச் சற்றே பெரியது. கால்களுக்கிடையே வரும் பட்டி இல்லாததால் இடுப்புப் பட்டி வயிற்றின்மேல் ஏறும் என்பதையும் யாரும் அவனிடம் சொல்லவில்லை. சிவப்பா, நீலமா என்று மட்டும் கேட்டிருக்கிறார்கள்.

இதையெல்லாம் விட என்னை வருத்தியது வேறொன்று. காரோடு வந்த மூன்று முனை பெல்ட்டை, இனி இது எதற்கு என்று கழற்றிப் பழைய இரும்பில் போட்டுவிட்டார்கள். ஆகவே திண்டிவனம் வழியாக ஊர் திரும்பும் வரை அவன் அந்த ஹார்னஸையே கட்டிக்கொண்டு வந்தான். இறுக்கினால் சந்திப்புகளில் முன்னே சாய்ந்து இருபுறமும் பார்க்க முடியாது. தளர்த்தினால் கட்டியும் பயனில்லை. தளர்த்தியேதான் வந்திருக்கிறான். அந்தக் காரின் ஏர்பேக், நிறுவனம் பொருத்திய பெல்ட்டோடு சேர்ந்து இயங்குவதற்காக அமைக்கப்பட்டது. மேலும், கார் உருண்டு கூரை நசுங்கினால் மூன்று முனை பெல்ட்டில் உடல் பக்கவாட்டில் சாய இடமுண்டு, ஆனால் ஹார்னஸ் உடலை நிமிர்த்தியே பிடித்திருக்கும். ரோல் பார் (கூரை நசுங்காமல் தாங்கும் உலோகக் குழாய்ச் சட்டம்) இல்லாத காருக்கு ஹார்னஸ் வேண்டாம் என்று விவரமறிந்தவர்கள் சொல்வது இதனால்தான். தலையையும் கழுத்தையும் பிடிக்கும் ஹான்ஸ் கருவியைப் பற்றி நான் பேசவே இல்லை; அதை விற்றால் உங்களுக்கு இலாபம் என்றாவது யோசித்திருக்கலாம்.

நம் ஊரில் பாதுகாப்பு என்பதே ஓர் அலங்காரமாகிவிட்டது. பெல்ட் போடாமலே எச்சரிக்கை ஒலியை அடக்கும் போலிக் கொக்கிகளை இணைய அங்காடிகளிலிருந்து நீக்குமாறு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023இல் உத்தரவிட்டது. நூறடி சாலையில் ஒரு நடை போனால் அந்த உத்தரவின் மதிப்பு விளங்கும். இது உங்களை மட்டும் சேர்ந்த குறையன்று என்பதால், கோபத்தை இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

பணிவுடன் கேட்பது இதுதான்: உரிய பொருத்துமிடம் இல்லாத காரில் ஹார்னஸ் மாட்டித் தராதீர்கள். வாடிக்கையாளர் எவ்வளவு வற்புறுத்தினாலும், எவ்வளவு பணம் தந்தாலும் மாட்டித் தராதீர்கள். ரோல் பாரும், பட்டி நுழையும் துளைகள் கொண்ட பந்தய சீட்டும் உள்ள காராக இருந்தால், எந்த முனையை எங்கே எந்தத் தகட்டோடு பொருத்தினீர்கள் என்பதைப் பில்லில் எழுதிக் கொடுங்கள். சாலையில் ஓடும் காரின் மூன்று முனை பெல்ட்டைத் தயவுசெய்து அதன் இடத்திலேயே விட்டுவையுங்கள். ஏற்கெனவே தரையில் துளையிட்டுத் தந்த கார்கள் உங்கள் கணக்கில் இருக்கும். அவற்றின் உரிமையாளர்களை அடுத்த டிராக் டேக்கு முன் அழைத்து, அந்த ஹார்னஸைக் கழற்றிப் பழைய பெல்ட்டை உங்கள் செலவிலேயே மாட்டித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முதலியார்பேட்டையிலிருந்து உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்