பத்துக்குப் பத்து அறையில் பேஸ் எங்கே போகிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டிலேயே எலக்ட்ரானிக் இசை செய்கிறவர்களுக்காக உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு முழுப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. முதலில் அதற்கு நன்றி. லேப்டாப்பும் ஒரு ஹெட்போனும் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க பீட் போடுகிற பிள்ளைகள் இன்றைக்குச் சின்ன ஊர்களில்கூட இருக்கிறார்கள், அவர்கள் கற்றுக்கொள்வது பெரும்பாலும் ஆங்கில வீடியோக்களைப் பார்த்துத்தான், தமிழில் ஒரு பத்திரிகை இதற்கு இடம் கொடுப்பது பெரிய விஷயம். ஆனால் கட்டுரை சொன்ன யோசனைகள் எனக்கு வருத்தமாக இருந்தன. 8 அங்குல மானிட்டர் ஸ்பீக்கர் (மிக்ஸ் செய்யும்போது கேட்பதற்கானது) வாங்குங்கள், சுவரில் ஃபோம் ஒட்டுங்கள், கடைசியில் ஒரு லிமிட்டரை (சத்தத்தின் உச்சத்தை ஒரு வரம்பிலேயே அமுக்கி நிறுத்துகிற கருவி) போட்டு சத்தத்தை ஏற்றுங்கள், இவ்வளவுதான். இந்த மூன்றில் ஒன்றுகூட முதலில் செய்ய வேண்டிய வேலை இல்லை. முதல் இரண்டுக்கு வீட்டில் அப்பா அம்மாவிடம் காசு கேட்டு நிற்க வேண்டியிருக்கும், அதனால்தான் எழுதுகிறேன்.

நான் கல்யாண மண்டபங்களிலும் கோயில் திருவிழாக்களிலும் சவுண்ட் பார்க்கிறவன். நிகழ்ச்சிக்கு ஆட வருகிற பிள்ளைகளும் டிஜே பையன்களும் தாங்களே செய்த டிராக்கை பென் டிரைவில் கொண்டுவந்து கொடுப்பார்கள். மெலடி நன்றாக இருக்கும், பறை சாம்பிளை வெட்டி ஒட்டியிருக்கிற விதத்தில் நல்ல கற்பனை தெரியும், ஆனால் கிக் என்கிற கனமான டிரம் அடியும் பேஸ் என்கிற தாழ்ந்த சத்தமும் மட்டும் ஒன்று மேடைப் பலகையையே அதிரவைக்கும், இல்லையென்றால் இருக்கிற இடமே தெரியாது. இதைத் திறமைக் குறைவு என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். அவர்கள் உட்கார்ந்து எல்லாச் சத்தத்தையும் அளவு பார்த்துச் சேர்த்த, அதாவது மிக்ஸ் செய்த அறையில் அந்தச் சத்தம் அவர்கள் காதுக்குச் சரியாக வந்தே சேரவில்லை.

கணக்கோடு சொல்கிறேன். நம் வீடுகளில் ஒரு படுக்கையறை என்றால் பத்துக்குப் பத்து, உயரமும் ஏறக்குறைய பத்து அடி. மூன்று பக்கமும் கிட்டத்தட்ட 3 மீட்டர். காற்றில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி போய் மோதித் திரும்பி வரும்போது நிலை அலை (நகராமல் ஒரே இடத்தில் நிற்கிற அலை) உண்டாகும் என்று பிளஸ் ஒன் இயற்பியலில் எல்லோரும் படித்ததுதான். அதன் முதல் அதிர்வெண்ணைக் கண்டுபிடிக்க ஒலியின் வேகத்தை அறை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும், பத்தடி அறைக்கு அது 56 ஹெர்ட்ஸ் வருகிறது. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரே அளவு என்பதால் மூன்று பக்கத்து நிலை அலையும் அதே 56-இல் வந்து குவியும். ஹவுஸ் வகை நடன இசையில் ஒரு கிக்கின் அடித்தளம் எங்கே இருக்கிறது? 50-க்கும் 60-க்கும் நடுவே. ஏ நோட்டில் ட்யூன் செய்த, 808 என்கிற நீண்டு ஒலிக்கிற எலக்ட்ரானிக் பேஸ் எங்கே இருக்கிறது? 55 ஹெர்ட்ஸ். ஆக, இந்த இசைக்கு உயிரான சத்தம் எதுவோ, அதிலேயே நம் அறை கை வைக்கிறது.

இந்த நிலை அலையில் சுவர் ஓரத்தில் அழுத்தம் அதிகம், அறையின் நடுவில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் காது தரையிலிருந்து நாலடி உயரத்தில் இருக்கும், அதுவும் ஏறக்குறைய நடு உயரம்தான். அறைக்கு நடுவே மேஜை போட்டு உட்கார்ந்த பையனுக்கு 55 ஹெர்ட்ஸ் காதில் விழாது, ஆனால் அதற்கு ஒரு ஸ்தாயி மேலே இருக்கிற 110 ஹெர்ட்ஸ் அதே நடு இடத்தில் வீங்கிக் கேட்கும். அவன் என்ன செய்வான்? ஈக்யூவை (ஒவ்வோர் அதிர்வெண்ணையும் தனியாகக் கூட்டிக் குறைக்கிற கருவி) திறந்து 55-ஐ 6 டெசிபல் ஏற்றுவான், 110-ஐ வெட்டுவான். அறையில் அருமையாக இருக்கும். அதே பாட்டைக் காரில் போட்டால் கண்ணாடி அதிரும், ஆனால் பேஸின் உடம்பு மட்டும் காணாமல் போயிருக்கும். தான் ஒன்றும் கேட்காமல் தவிக்கும்போது பக்கத்து அறையிலிருந்து அம்மா வந்து சத்தத்தைக் குறை என்று திட்டுவதற்கும் இதுதான் காரணம். அவர் சுவர் ஓரமாகப் படுத்திருப்பார்.

இந்த அறையில் 8 அங்குல ஸ்பீக்கரைக் கொண்டுபோய் வைத்தால் பிரச்சினை பெரிதாகத்தான் ஆகும். ஃபோமும் அப்படியே. 56 ஹெர்ட்ஸின் அலைநீளம் 6 மீட்டருக்கு மேல், அதில் கால் பங்கே ஐந்தடி வரும், ஓர் அங்குல ஃபோம் அதை என்ன செய்ய முடியும்? முட்டை அட்டையும் அப்படித்தான். இவையெல்லாம் ஹை-ஹேட் தட்டின் கூர்மையான சத்தத்தைக் கொஞ்சம் அடக்கிவிட்டு அறையை மந்தமாக்கும், பேஸ் இருந்த இடத்திலேயே இருக்கும். இதைவிடப் பழைய இலவம்பஞ்சு மெத்தை இரண்டைச் சுருட்டி மூலைகளில் நிறுத்தினால் நல்லது. 56-ஐ அது தொடாது என்றாலும் அதற்கு நிறைய மேலே இருக்கிற குழப்பத்தைக் குறைக்கும், காசும் ஆகாது. அப்புறம் அறையில் இரும்பு பீரோ இருந்தால் அதன் கதவைக் கவனியுங்கள். பேஸ் அடிக்கும்போது அந்தக் கதவு கூடவே பாடும், அது டிராக்கில் இருக்கிற டிஸ்டார்ஷன் என்று நினைத்து மணிக்கணக்காகத் தேடிக்கொண்டிருக்கிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். கதவிடுக்கில் துணியைச் சொருகினால் போதும்.

பைசா செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது, உங்கள் கட்டுரையில் இது வந்திருந்தால் நான் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன். எந்த மென்பொருளாக இருந்தாலும் சரி, எஃப்எல் ஸ்டுடியோ, ஏபிள்டன், ரீப்பர் எதுவும், ஒரு சின்த்தை (சத்தத்தைத் தானே உண்டாக்குகிற மென்பொருள் வாத்தியம்) திறந்து, மடங்குகள் எதுவும் சேராத வெறும் சைன் அலையைத் தேர்ந்தெடுங்கள். 41 ஹெர்ட்ஸில் இருக்கிற ஈ நோட்டில் ஆரம்பித்து ஒவ்வோர் அரைச்சுரமாக 110 ஹெர்ட்ஸ் ஏ வரைக்கும் ஒரே வேகத்தில், ஒரே வால்யூமில் வாசிக்கச் செய்யுங்கள். நீங்கள் வழக்கமாக மிக்ஸ் செய்கிற இடத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேளுங்கள். எல்லா நோட்டும் ஒரே அளவுதான், ஆனால் சில நோட்டுகள் எகிறும், சில காணாமல் போகும். எது எகிறுகிறது, எது மறைகிறது என்று ஒரு தாளில் எழுதி மேஜைக்கு மேலே ஒட்டிவிடுங்கள். (சின்ன ஸ்பீக்கர்கள் 50 ஹெர்ட்ஸ் வாக்கிலேயே ஓய ஆரம்பித்துவிடும், அதையும் மனதில் வையுங்கள்.) அதற்குப் பிறகு நாற்காலியை முன்சுவரிலிருந்து நாலடி தூரத்துக்கு நகர்த்தி இன்னொரு முறை கேளுங்கள். நடுவில் உட்காருவதைவிட வித்தியாசம் நன்றாகத் தெரியும். இவ்வளவு செய்தும் காதில் விழாத நோட்டை ஈக்யூவில் ஏற்றவே கூடாது, அந்த முடிவை ஹெட்போனில் மட்டும் எடுங்கள், ஏனென்றால் ஹெட்போனுக்கு அறை கிடையாது.

அடுத்து கிக்கும் பேஸும் சண்டை போடுகிற விஷயம். ஒரே அளவுள்ள, ஒரே ஃபேஸில் (அலையின் ஏற்றமும் இறக்கமும் ஒரே நேரத்தில்) இருக்கிற இரண்டு சத்தம் சேர்ந்தால் 6 டெசிபல் கூடும், எதிர் ஃபேஸில் சேர்ந்தால் இரண்டும் அழிந்துபோகும், அதனால்தான் சில பாட்டுகளில் ஒரு கிக் பலமாகவும் அடுத்த கிக் சோர்ந்தும் கேட்கிறது. கிக் கீழே இருக்குமா பேஸ் கீழே இருக்குமா என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். நீளமான 808 கீழே ஓடுகிறது என்றால் கிக் குட்டையாக, தட்டுச் சத்தத்தோடு மேலே இருக்கட்டும். கிக் கனமானது என்றால் பேஸுக்கு 50-60 பக்கம் கொஞ்சம் குறைத்து, சைட்செயின் கம்ப்ரஸர் (கிக் அடிக்கும்போதெல்லாம் பேஸைத் தானே தணிக்கிற கருவி) போடுங்கள். அதில் ரிலீஸை, அதாவது தணிந்த பேஸ் திரும்ப எழுகிற நேரத்தை, யாரோ வீடியோவில் சொன்ன எண்ணில் வைக்காதீர்கள். 125 பிபிஎம் (நிமிடத்துக்கு 125 அடி) பாட்டு என்றால் ஒரு கிக்குக்கும் அடுத்த கிக்குக்கும் நடுவே 480 மில்லிவிநாடிதான், பேஸ் அதற்குள் முழுசாக எழுந்து நின்று ஒரு மூச்சு விட வேண்டும், ஆக 150 மில்லிவிநாடியில் ஆரம்பித்துக் காதால் திருப்புங்கள். பாட்டு மெதுவானால் கூட்டுங்கள்.

பறை, உறுமி, தவில் இதையெல்லாம் வீட்டில் பதிவு செய்து சேர்க்கிறவர்களுக்கு இன்னொன்று. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். எர்த் சரியில்லாத பிளக் பாயிண்ட் என்றால் அந்த உறுமல் ரெக்கார்டிங்கிலேயே ஏறிவிடும், 100-லும் 150-லும் அதன் மடங்குகள் இருக்கும், போதாததற்கு மின்விசிறிக் காற்றின் இரைச்சல். ஒரு சாம்பிளில் இது தெரியாது, எட்டு சாம்பிளை அடுக்கினால் கிக்குக்குக் கீழே ஒரு புகைமூட்டம் மாதிரி உட்கார்ந்துகொள்ளும். அடிநாதம் தேவைப்படாத டிராக்குகளுக்கெல்லாம் ஹை-பாஸ் ஃபில்டர் (ஓர் எண்ணுக்குக் கீழே உள்ள சத்தத்தை வெட்டுவது) போட்டுவிடுங்கள், எந்த எண்ணில் என்பதை மொத்தப் பாட்டும் ஓடும்போது தீர்மானியுங்கள், தனியாக சோலோ போட்டுக் கேட்டால் எல்லாமே மெலிந்த மாதிரிதான் தோன்றும். ரிவர்புக்கும் (எதிரொலி சேர்ப்பது) இதே சிகிச்சை உண்டு, பேஸ் மேல் ரிவர்ப் வேண்டவே வேண்டாம்.

பாட்டு எங்கே ஒலிக்கப்போகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். ஊர்த் திருவிழாவில் கட்டுகிற கூம்பு ஸ்பீக்கர் மோனோ (இடது வலது என்று பிரியாத ஒரே சத்தம்), பேஸும் கிடையாது. பெரும்பாலான சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கர்களும் மோனோதான். ஸ்டீரியோவில் விரித்து விரித்து வைத்த சின்த் மோனோவில் பாதி கரைந்துவிடும், அதனால் மாஸ்டரில் (மொத்தப் பாட்டும் வெளியே போகிற கடைசித் தடம்) ஒரு மோனோ பட்டனை வைத்து அடிக்கடி அமுக்கிப் பாருங்கள், 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் விரிக்காதீர்கள். போன் ஸ்பீக்கரில் 55 ஹெர்ட்ஸ் வரவே வராது. ஆனால் பேஸுக்குக் கொஞ்சம் சாச்சுரேஷன் (லேசான டிஸ்டார்ஷன்) கொடுத்தால் 110, 165, 220 என்று மடங்குகள் உண்டாகும், அந்த மடங்குகளைக் கேட்டு நம் மூளை இல்லாத அடிநாதத்தையும் தானே நிரப்பிக்கொள்ளும். நான் பார்த்ததில் வீட்டு மிக்ஸர்கள் மிகக் குறைவாகப் பயன்படுத்துகிற, மிக அதிகமாகப் பலன் தருகிற வித்தை இதுதான்.

லிமிட்டர் விஷயத்தில் உங்கள் கட்டுரையோடு எனக்கு உடன்பாடே இல்லை. யூடியூப், ஸ்பாட்டிஃபை இரண்டும் பாட்டின் சராசரி சத்தத்தை லஃப்ஸ் என்கிற அளவில் கணக்குப் போட்டு, அது மிஞ்சினால் சுமார் மைனஸ் 14-க்கு இறக்கித்தான் ஒலிபரப்புகின்றன. நீங்கள் லிமிட்டரை நசுக்கி மைனஸ் 7-க்கு ஏற்றி அனுப்பினால், அவர்கள் 7 டெசிபல் இறக்கிவிடுவார்கள். சத்தம் கூடியது போய்விட்டது, ஆனால் லிமிட்டர் மழித்துத் தள்ளிய கிக்கின் முனை திரும்பி வராது. நடன இசைக்கு மைனஸ் 14-இலேயே நிற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, மைனஸ் 9, 10 வரை நன்றாகவே தாங்குகிற பாட்டுகள் இருக்கின்றன, ஆனால் மிக்ஸ் சரியாக இருந்தால் அந்த அளவுக்கு அது தானாகவே வரும். சராசரி சத்தத்தை அளக்கிற யூலீன் லவுட்னெஸ் மீட்டரில் இலவசப் பதிப்பு இருக்கிறது, அதிர்வெண்களைப் படமாகக் காட்டுகிற வோக்ஸெங்கோ ஸ்பான் முழுக்கவே இலவசம், இந்த இரண்டும் போதும். பிடித்த பாட்டு ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்கும்போது மட்டும் அதன் வால்யூமை உங்கள் மிக்ஸ் அளவுக்கு இறக்கிவிட்டுக் கேளுங்கள், சத்தமாக இருப்பது எப்போதுமே நன்றாக இருப்பது போலத்தான் தோன்றும்.

கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாத விஷயம், காது. வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள் என்று ஹெட்போனை மாட்டி விடிய விடிய உட்காருகிறார்கள், காது களைத்ததும் வால்யூமை ஏற்றுகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்கிற வரம்பு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம், அதற்கு மேலே ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், 89-இல் கேட்டால் வாரத்துக்கே 5 மணி நேரம்தான். நான் மேடைகளில் வேலை பார்க்கிறவன், இருபத்தைந்து வயதில் காதில் ஓயாமல் ரீங்காரம் கேட்கிற பையன்களோடு பழகியிருக்கிறேன், அதற்கு எந்த பிளக்-இன்னும் கிடையாது. பக்கத்தில் ஒருவர் பேசினால் கேட்கிற அளவில் மிக்ஸ் செய்யட்டும், மணிக்கொரு தரம் எழுந்து வெளியே போகட்டும்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பொருள் பட்டியலுக்குக் கொடுத்த அதே முழுப்பக்கத்தை இந்த அறை விஷயத்துக்கும் ஒருமுறை கொடுங்கள். உங்கள் ஊர்க் கல்லூரி ஏதாவது ஒன்றில் இயற்பியல் ஆசிரியரைக் கேட்டால், பத்துக்குப் பத்து, பத்துக்குப் பன்னிரண்டு, பன்னிரண்டுக்குப் பதினான்கு என்று நம் வீட்டு அளவுகளுக்கு எந்த ஹெர்ட்ஸ் எங்கே எகிறும், எங்கே மறையும் என்று ஒரு படத்தோடு எழுதித் தருவார். பிள்ளைகள் அதைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டிக்கொள்வார்கள். ஸ்பீக்கர் வாங்குவதை அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
சவுண்ட் வேலை பார்க்கும் ஒரு வாசகர்,
மதுரை